குளச்சலில் தோற்ற படைத்தலைவர்

ஆண்டுதோறும் ஜூலைத் திங்கள் 31ஆம் நாளைக் குளச்சல் வெற்றி நாளாக இந்தியப் படையின் மதராஸ் ரெஜிமெண்டைச் சார்ந்தோர் கொண்டாடுவது வழக்கம். குளச்சல் கடற்கரையில் நிற்கும் வெற்றித் தூணுக்கு மலர்வளையம் சார்த்தி, அணிவகுத்து நின்று வணக்கம் செலுத்துவர். திருவாங்கூர் மன்னரின் பழைய நாயர் பட்டாளம், நாடு விடுதலை பெற்றபின் இந்தியப் படையோடு இணைக்கப்பெற்று, அந்த ரெஜிமெண்டின் ஒன்பதாம் பட்டாளமாயிற்று. ஆகவே 1741ஆம் ஆண்டில் தம் முன்னோர் ஒல்லாந்தரை முறியடித்த நாளை அவ்வீரர்கள் தம் குலத் திருநாளைப் போலவே போற்றி வருகின்றனர். குளச்சலோ 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் தொட்டுத் தமிழ் மாநிலத்தைச் சார்ந்த ஊர். திருவாங்கூர் இன்று பெயரளவில் மட்டுமே உண்டு. எனினும் விழா நிற்கவில்லை.

இத்திருவனந்தபுரத்தில் குடியேறி வாழும் நம் சங்கத்து அன்பர்கள் சிலர் சென்ற ஆண்டு அத்தூணைக் காணச் சென்றோம். திரும்பும் வழியில், தக்கலையை அடுத்துள்ள உதயகிரிக் கோட்டையினுள்ளும் புகுந்தோம். மரங்கள் அடர்ந்த அக்கோட்டையின் நடுவே, கூரையிழந்து சுவர் மட்டும் நிற்கும் ஒரு பழைய தேவாலயம் உண்டு. அதனுள் சில கல்லறைகள். அவற்றுள் ஒன்றின்மேல் இலத்தீன் மொழியில் எழுத்துப் பொறித்திருக்கிறது. அதனுடன் தமிழிலும் பொறித்திருக்கிறது. கீழே துயில்பவர் குளச்சற் போரில் தோற்றுப் பிடிபட்டவர். நாம் சென்ற அன்று அங்கே வேறு எவரும் இல்லை.

அவர் பெயர் யூஸ்டாக்கியஸ் பெனடிக்டஸ் டி லனாய். குமரி நாட்டு மக்கள் அதனைச் சுருக்கி டிலனாய் என்றனர். படையினர் அவரை வலிய கப்பித்தான் என்றனர். பெரிய தளபதி என்பது அதன் பொருள். வென்றவர் வரலாறு பலருக்கும் தெரியும். பிடிபட்ட பகைவனாக ஒரு நாட்டினுள் கொணரப்பெற்று, முப்பத்தாறு ஆண்டு அந்நாட்டின் காவலனாகவே வாழ்ந்து மறைந்த இவர் வரலாற்றை இம்மலரில் எழுதுவது தகும் என்று கருதினோம்.

முதற்கண் நாளைப் பற்றி ஒரு சொல். படையினர் ஜூலை 31ஐக் கொண்டாட, கேரள வரலாற்று நூல்களோ 1741 ஆகஸ்டு 10 என்று குறிக்கின்றன. பழைய ஐரோப்பியப் பஞ்சாங்கத்திற்கும் புதியதற்கும் உள்ள வேறுபாடே இதற்குக் காரணம் என்பர். அந்நூற்றாண்டில் அவ்வேறுபாடு 11 நாள்; ஜூலை 31உடன் 11 நாளைக் கூட்டினால் ஆகஸ்டு 11 அன்றோ வரும்? ஒரு நாள் இடிக்கிறது. நம் நாட்டுக் கணக்கில் இந்த வம்பு இல்லை. எப்படிப் பார்த்தாலும் அது கொல்லம் ஆண்டு 916, ஆடி மாதம். மேலைக் கடற்கரையில் ஆடி மாதம் என்றால் என்ன என்பதைக் கடலோரத்தில் வாழ்வோர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஆடிக் கடலே போரின் முடிவில் பாதியை எழுதியது.

போரின் காரணம் மிளகு. ஒல்லாந்தர் என நம் முன்னோர் வழங்கிய டச்சுக்காரர் 1663ஆம் ஆண்டில் போர்த்துக்கீசியரிடமிருந்து கொச்சியைக் கைப்பற்றியது முதல், மலையாளக் கரையின் மிளகு முழுவதையும் தாமே கொள்ள முயன்று வந்தனர். சிறு சிறு மன்னர் பலர் இருந்தவரை அது எளிதாயிருந்தது. 1729ஆம் ஆண்டில் வேணாட்டு அரியணை ஏறிய மார்த்தாண்ட வர்மர் அந்நிலையை மாற்றினார். தம் நாட்டுப் பெருங்குடிப் பிரபுக்களின் வலியை ஒடுக்கியபின், அண்டை நாடுகளை ஒவ்வொன்றாகச் சேர்க்கத் தொடங்கினார். நாடு ஒன்றானால் மிளகும் ஒரு கைக்கு வரும். விலையும் அக்கை சொல்வதாகும். இதனைக் கண்டு கலங்கிய டச்சுக் கம்பெனி, இலங்கையில் ஆளுநராயிருந்த வான் இம்ஹாஃப் என்பவரை 1739ஆம் ஆண்டில் மலையாளக் கரைக்கு அனுப்பியது. அவர் மன்னரை நேரிற் கண்டு, அண்டை நாடுகளில் தலையிடுதல் கூடாது என்றும், மீறினால் படையெடுப்போம் என்றும் எச்சரித்தார். அப்படியானால் தாமும் தம் வள்ளங்களையும் மீனவரையும் கொண்டு ஒல்லாந்து நாட்டின்மேற் படையெடுப்பது பற்றி எண்ணி வருவதாக மன்னர் விடையிறுத்தார் என்பது கேரளத்தில் இன்றும் விரும்பிச் சொல்லப்படும் செய்தி.

சொல் முற்றிப் போராயிற்று. கொட்டாரக்கரையை ஆண்ட இளையிடத்துச் சொரூபத்தின் அரசியை டச்சுக்காரர் மீண்டும் அரியணையில் அமர்த்தினர். மன்னர் படை அவர்களை அங்கிருந்து விரட்டியது. பின்னர் 1741ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இலங்கையிலிருந்து வந்த டச்சுப் படையொன்று குளச்சலில் இறங்கியது. கடலோர ஊர்களைச் சூறையாடி, கோட்டாறு வரை தன் கையை நீட்டியது. மன்னரின் தலைநகரான பத்மநாபபுரம் குளச்சலிலிருந்து ஒரு பகலில் நடந்து சேரும் தொலைவே. அந்நகர் வீழ்ந்திருந்தால் திருவாங்கூர் என்ற பெயரையே நாம் கேட்டிருக்க மாட்டோம்.

மன்னர் வடக்கிலிருந்து விரைந்து வந்தார். திருவட்டாற்று ஆதிகேசவப் பெருமாள் திருமுன் வாளை வைத்து வழிபட்டுப் போருக்குப் புறப்பட்டார் என்பர். அவருக்கு உறுதுணையாக நின்ற தளவாய் இராமய்யன் திருநெல்வேலிச் சீமையின் ஏர்வாடியிற் பிறந்தவர் என்பது வழக்கு. டச்சுக்காரர் குளச்சலில் மரவேலி அமைத்து அதனுள் அடைந்து கிடந்தனர். அவர்க்கு உதவி வர வேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று இலங்கை. ஆடிக் காற்றில் குளச்சற் கரையை எந்தக் கப்பலும் அணுக இயலாது. மற்றொன்று கம்பெனியின் கிழக்கிந்தியத் தலைமை இடமான பத்தேவியா. அங்கோ 1740 அக்டோபரில் சீன மக்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து சாவாத் தீவே போர்க்களமாயிருந்தது. ஓர் ஆளையும் அனுப்பும் நிலையில் அவர்கள் இல்லை. இவ்வாறு தனித்து நின்ற பாசறையை மன்னர் படை சூழ்ந்தது. மன்னரின் பீரங்கிக் குண்டொன்று உள்ளேயிருந்த வெடிமருந்துப் பீப்பாயில் விழ, எழுந்த தீயில் அவர்களுடைய அரிசி முழுவதும் எரிந்து போயிற்று. சோறும் மருந்தும் இன்றி எத்தனை நாள் போராடுவது? சரணடைந்தனர்.

பனந்துண்டங்களை வண்டிகளில் ஏற்றிப் பீரங்கிகளெனக் காட்டிப் பகைவரை அஞ்சுவித்தனர் என்றொரு கதை குளச்சற் பகுதியில் வழங்குகிறது. கடலோர மீனவர் மன்னருக்குப் பெருந்துணையாயிருந்தனர் என்பதும் அவ்வூர் மரபு. ஆசியாவில் ஓர் ஐரோப்பியப் படையை வென்ற முதற் போர் இதுவே என்று மேடைகளில் முழங்குவாரும் உளர். அது பொருந்தாது. 1638 மார்ச்சு 28ஆம் நாள் கண்டி மன்னர் இரண்டாம் இராசசிங்கர் கன்னொறுவையில் போர்த்துக்கீசியப் படையை அழித்தார். 1662ஆம் ஆண்டில் கொக்சிங்கா என்னும் சீனத் தலைவர் இதே டச்சுக்காரரைத் தைவானிலிருந்து வெளியேற்றினார். குளச்சலுக்கு இந்தப் பொய்ப் பட்டம் வேண்டுவதில்லை. அன்று நடந்ததைக் காட்டிலும் அதன்பின் நடந்ததே அப்போருக்குப் பெருமை தருவது. அங்கேதான் டிலனாய் வருகிறார்.

திருவாங்கூர் வரலாற்று நூல்கள் இருபத்து நான்கு ஐரோப்பியர் பிடிபட்டனர் என்றும், டிலனாய், டொனாடி என்னும் இருவர் அவர்களுள் முதன்மையானவர் என்றும் கூறும். டிலனாய் இன்றைய பிரான்சு நாட்டின் வடபுறத்திலுள்ள அராஸ் நகரில், 1715ஆம் ஆண்டை ஒட்டிப் பிறந்தவர். கத்தோலிக்கர். டச்சுக் கம்பெனியின் படையில் அயல் நாட்டார் பலர் கூலிக்குச் சேர்ந்திருந்தனர். இவரும் அவர்களுள் ஒருவர். மக்கள் வழக்கு இவரைக் குளச்சலில் இறங்கிய படைக்கே தலைவராகச் சொல்லும். இக்கால ஆராய்ச்சியாளர் சிலர், கம்பெனியில் அவர் வகித்தது அத்தனை உயர்ந்த பதவியன்று என்பர். பத்மநாபபுரம் அரண்மனையில், அவர் மன்னர் முன் சரணடையும் காட்சி ஓவியமாகத் தீட்டி வைக்கப்பட்டுள்ளது. அது பிற்காலத்து ஓவியம். அதில் அவர் ஒரு பெருந்தளபதியின் தோற்றத்தில் காணப்படுகிறார். பிற்காலத்தில் அவர் அடைந்த பெருமை, முன்னாளில் அவர் வகித்த பதவியையும் உயர்த்திவிட்டது போலும்.

பிடிபட்டபோது அவருக்கு வயது இருபத்தைந்தைச் சற்றுக் கடந்திருக்கும். பிடிபட்ட பகைவரைக் கொன்றுவிடுவதும், பணம் பெற்று விடுவிப்பதும் அக்காலத்து வழக்கங்கள். மார்த்தாண்ட வர்மர் மூன்றாவது வழியொன்றைத் தேர்ந்தார். தம்மை நடுங்கச் செய்த ஐரோப்பியப் போர்முறையைத் தம் வீரர்க்குக் கற்பிக்க இவர்களையே கொள்ளலாம் என்று எண்ணினார். முதலில் மெய்க்காப்பாளர் சிலரை மட்டும் டிலனாயிடம் ஒப்படைத்துப் பார்த்தார். அவர்கள் பயின்ற முறையைக் கண்டு மகிழ்ந்து, பின் படை முழுவதையும் ஒப்படைத்தார் என்பர்.

இப்பணி எளிதன்று. நாயர் வீரர்கள் களரியில் வளர்ந்தவர்கள். வாளும் பரிசையும் ஏந்தித் தனித்தனியே பொருவதில் அவர்க்கு நிகரில்லை. தேசத்திற்கு ஒரு தலைவன் கீழ்த் திரண்டு வந்து, போர் முடிந்ததும் வயலுக்குத் திரும்பும் படை அது. அவர்களை வரிசையில் நிற்கவும், ஒரே ஆணைக்குத் துப்பாக்கியை உயர்த்தவும், மருந்திட்டு ஒரே நொடியிற் சுடவும், சுட்டபின் ஓடாது நின்று மீண்டும் மருந்திடவும் பழக்க வேண்டும். மன்னர் படையில் பாண்டி நாட்டு மறவரும் இருந்தனர். மொழியும் குலமும் வேறுபட்ட இத்தனை பேரையும் ஓரணியில் நிறுத்தியவர் நேற்றுவரை அவர்களுடைய பகைவராயிருந்த ஓர் அயலார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

உதயகிரிக் கோட்டை அவர் கைப்பட்டதே இன்றுள்ள வடிவம் பெற்றது. முன்னரே அங்கு மண்கோட்டையொன்று இருந்தது. ஒரு குன்றை நடுவில் வைத்துச் சுற்றிலும் கருங்கல் மதில் எழுப்பி, உள்ளே பீரங்கி வார்க்கும் உலைக்களமும் அமைத்தனர். குளச்சலில் பகைவரிடமிருந்து கவர்ந்த பீரங்கிகளை நம்பியிராமல், தாமே வார்த்துக் கொள்ளும் நிலையைத் திருவாங்கூர் அடைந்தது. பத்மநாபபுரத்து மதிலும், கன்னியாகுமரியை அடுத்துக் கடலோரத்தில் நிற்கும் வட்டக்கோட்டையும் அவர் மேற்பார்வையில் வலுப்பெற்றவை. உதயகிரியை அவ்வூரார் டிலனாய்க் கோட்டை என்றும் வழங்குவர். அவர் குடியிருந்ததும் அக்கோட்டைக்குள்ளேதான். அரண்மனை ஒரு கல் தொலைவிலேயே இருந்தது. ஆயினும் அயல் மதத்தார் உட்செல்லல் ஆகாது என்பது அக்காலத்து ஆசாரம். நாட்டின் படை முழுவதையும் ஏந்திய கை, அரண்மனையின் உள்வாயிலைத் தொடலாகாது. அவர் தம் வழிபாட்டிற்கெனக் கோட்டைக்குள் எழுப்பியதே நாம் கண்ட தேவாலயம்.

அடுத்து வந்த பன்னிரண்டு ஆண்டுப் போர்களை விரித்தெழுதின் இம்மலர் போதாது. காயங்குளம் 1746இல் வீழ்ந்தது. அம்பலப்புழை, தெக்கும்கூர், வடக்கும்கூர் என ஒன்றன்பின் ஒன்றாக நாடுகள் சேர்ந்தன. அம்பலப்புழைப் போரைப் பற்றி ஒரு செய்தி உண்டு. எதிரியின் அம்புகள் நஞ்சூட்டி மந்திரித்தவை என்ற அச்சம் பரவித் திருவாங்கூர் வீரர் முன்செல்லத் தயங்கினராம். டிலனாய் அவ்வச்சம் தீண்டாத துப்பாக்கி வீரரை முன்னே நிறுத்திப் போரை நடத்தினார் என்பர். வென்ற நாடனைத்தையும் மன்னர் 1750 ஜனவரித் திங்களில் பத்மநாப சுவாமி திருவடியில் ஒப்படைத்து, தாம் அப்பெருமானின் அடியவராக நின்று ஆள்வதாக அறிவித்தார். 1753 ஆகஸ்டு 15ஆம் நாள் மாவேலிக்கரையில் டச்சுக்காரர் உடன்படிக்கை செய்து கொண்டு, மன்னரின் போர்களில் இனித் தலையிடுவதில்லை என்றனர். ஆண்டுக்கு 12,000 ரூபாய்க்குப் படைக்கலன்களை மன்னருக்கு விற்கவும் இசைந்தனர். குளச்சலில் தம் ஆளையும் பீரங்கியையும் இழந்த கம்பெனி, அதே மன்னருக்கு ஆயுத வணிகராக ஆனதைக் கண்டு டிலனாய் தமக்குள் நகைத்திருக்கக் கூடும். கம்பெனியின் கணக்கில் அவர் கட்சி மாறியவர்; அவர்கள் அவரை மன்னித்திருப்பார்கள் என்று தோன்றவில்லை.

இங்கு ஒரு துயரச் செய்தியைச் சொல்லாது செல்லலாகாது.

நட்டாலத்தைச் சேர்ந்த நீலகண்ட பிள்ளை என்பவர் அரண்மனைப் பணியில் இருந்தார். கோட்டை வேலைகளின் வழியே டிலனாய்க்கும் அவருக்கும் நட்பு உண்டாயிற்று. கால்நடைகள் மடிந்து, விளைவு குன்றி, குடும்பம் நலிவுற்ற வேளையில் பிள்ளை மனம் சோர்ந்திருந்தார். அந்நிலையில் டிலனாய் அவருக்கு விவிலியத்திலுள்ள யோபுவின் கதையைச் சொன்னார். உடைமையும் மக்களும் உடல் நலமும் ஒருங்கே இழந்தும் இறைவனைப் பழியாத ஒரு மனிதனின் கதை அது. அது பிள்ளையின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. டிலனாய் தந்த கடிதத்தோடு பாண்டி நாட்டு வடக்கன்குளம் சென்று, 1745ஆம் ஆண்டில் அங்கே திருமுழுக்குப் பெற்றார். தேவசகாயம் என்பது அவர் பெற்ற பெயர். சில ஆண்டுகள் கழித்து 1749இல் அவர் சிறைப்பட்டார். எருமையின்மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு செல்லப்பட்டார், பலவாறு துன்புறுத்தப்பட்டார். 1752 ஜனவரி 14ஆம் நாள் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் அரசின் வீரர்களால் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர்மேற் சுமத்திய குற்றம் யாது என்பதைப் பற்றி இன்றளவும் இரு கட்சியாக வழக்காடுவார் உளர். கோட்டாற்றுச் சவேரியார் ஆலயத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பெற்றது. 2022 மே 15ஆம் நாள் உரோமையில் அவர் புனிதராக அறிவிக்கப்பெற்றார். இல்லறத்தாராகிய ஒரு தமிழ்நாட்டவர் அச்சிறப்பைப் பெற்றதை நாம் யாவரும் செய்தித்தாள்களிற் படித்தோம்.

தன் நண்பர் சுடப்பட்ட அன்று டிலனாய் அந்நாட்டின் படைத்தலைவர். சுட்ட துப்பாக்கிகளைப் பிடித்தவர்க்குப் பயிற்சி தந்த முறை அவருடையது. நண்பர் மடிந்தபின்னும் அவர் பதவியைத் துறக்கவில்லை, ஊருக்குத் திரும்பவில்லை, இருபத்தைந்து ஆண்டு அதே அரசுக்குப் பணி செய்தார். இதனைக் கொண்டு அவரைக் குறை கூறுவோர் உண்டு. அரசன் ஆணைக்கு முன் ஓர் அயல்நாட்டான், அதிலும் ஒரு காலத்துக் கைதி, என்ன செய்ய இயலும் என்று கேட்பாரும் உண்டு. நமக்கு இரு கட்சியும் முழுமையாக ஒப்பவில்லை. உண்ட சோற்றுக்கும் நேசித்த நண்பனுக்கும் இடையே நின்ற ஒருவர் வாழ்நாள் முழுதும் அதைச் சுமந்தே வாழ்ந்திருப்பார் என்று மட்டும் சொல்லத் தோன்றுகிறது. அவர் எழுப்பிய தேவாலயத்தின் வாயிலில் நின்றபோது, நம்முடன் வந்த முதியவர் ஒருவர் காற்றாடிமலை எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டார். கிழக்கே என்று சொன்னோம். அவர் சிறிது நேரம் அத்திசையையே பார்த்து நின்றார்.

1758ஆம் ஆண்டில் மார்த்தாண்ட வர்மர் மறைந்தார். அவருக்குப்பின் வந்தவர் தர்மராசர் எனப் புகழ்பெற்ற கார்த்திகைத் திருநாள் இராம வர்மர். டிலனாயின் பதவி குன்றவில்லை, பொறுப்பு மிகுந்தது. கோழிக்கோட்டுச் சாமூதிரியின் படைகள் கொச்சிக்குள் புகுந்திருந்தன. கொச்சி மன்னர் திருவாங்கூரின் துணையை நாட, 1762ஆம் ஆண்டை ஒட்டி டிலனாய் படையுடன் சென்று சாமூதிரியின் ஆட்களை வெளியேற்றினார். வடக்கே மைசூரில் ஐதர் அலியின் வலிமை வளர்ந்து வருவதும் அப்போதே தெரிந்தது. ஆகவே கொடுங்கல்லூரை அடுத்த கிருஷ்ணன்கோட்டையில் தொடங்கி ஆனைமலை அடிவாரம் வரை, ஏறத்தாழ முப்பது மைல் நீளத்திற்கு ஒரு பெரும் அரண் எடுக்கப்பெற்றது. நெடுங்கோட்டை என்பது அதன் பெயர். பெரும்பகுதி மண்ணால் ஆகியது, முன்னே ஆழ்ந்த அகழி, கரையில் மூங்கிலும் முள்ளும் செறித்து வளர்த்த வேலி, இடையிடையே கொத்தளங்கள். கல்லும் சுண்ணாம்பும் கிட்டாத இடத்தில் மண்ணையும் மூங்கிலையுமே படைக்கலனாக்கிய திறம் வியத்தற்குரியது.

தெற்கே திருநெல்வேலி எல்லையில் ஆற்காட்டு நவாபின் ஆட்களோடு களக்காட்டைக் குறித்த பழைய வழக்கொன்று நடந்துகொண்டிருந்தது. அப்பகுதியில் 1765ஆம் ஆண்டில் நிகழ்ந்த போரில் டிலனாயின் மகன் யோவான் புண்பட்டு மாண்டான். அப்போது அவனுக்கு வயது ஏறத்தாழ இருபது. உதயகிரியிற் பிறந்து வளர்ந்த பிள்ளை. தந்தையின் ஊரான அராஸைக் கண்ணாலும் கண்டிரான். தந்தை கைதியாக வந்து சேர்ந்த நாட்டுக்காக மகன் உயிர் கொடுத்தான். அவன் உடலையும் கொணர்ந்து அத்தேவாலயத்திற்குள்ளேயே அடக்கினர். பிற்காலத்தில் அவன் தாய் மார்கரெட்டும் அங்கேயே அடக்கம் பெற்றாள். ஊர் விட்டு ஊர் வந்து, இங்கே பிள்ளைகளைப் பெற்று வளர்த்து, அவர்கள் எந்த ஊரார் என்ற கேள்விக்கு விடை தேடிக் கொண்டிருக்கும் நம் போன்றோர்க்கு அச்சிறு கல்லறை பெரிய கல்லறையைக் காட்டிலும் மிகுதியாகப் பேசியது.

மகனை இழந்தபின்னும் பன்னிரண்டு ஆண்டு டிலனாய் பணியாற்றினார். 1777 ஜூன் முதல் நாள் உதயகிரியில் உயிர் நீத்தார். மன்னரின் ஆணைப்படி படை மரியாதைகளுடன் அடக்கம் செய்தனர் என்பர். கல்லறையிலுள்ள இலத்தீன் எழுத்து, வழிச் செல்வோனை நின்று செல்லுமாறு வேண்டுகிறது. திருவாங்கூர்ப் படைக்குத் தலைவராயிருந்து ஏறத்தாழ முப்பத்தேழு ஆண்டு பெரும் உண்மையுடன் மன்னருக்குப் பணி செய்தவர் என்றும், காயங்குளம் முதல் கொச்சி வரையிலுள்ள நாடுகளைத் தம் படைவலியால் அடிப்படுத்தியவர் என்றும் சொல்லி, அவர் அமைதியுற வேண்டுகிறது. குளச்சல் என்னும் பெயர் அதில் இல்லை. அதில் வியப்புமில்லை. அங்கே அவர் வேறொரு கொடியின்கீழ் நின்றார். இக்கல் எழுப்பியவர்க்கு அது தேவையற்ற செய்தி. ஆயினும் அந்த ஆடி மாதத்து ஒரு நாளைக்கும் இந்த முப்பத்தேழு ஆண்டுக்கும் உள்ள தொடர்பு அறிந்து நிற்போர்க்கு, அவ்விடம் வெறுமையாகத் தோன்றாது.

அவர் மறைந்து பன்னிரண்டு ஆண்டு கழிந்தபின், 1789 டிசம்பர் இறுதியில் திப்பு சுல்தான் பெரும்படையுடன் நெடுங்கோட்டையைத் தாக்கினார். அன்று அவர் படை பேரிழப்புடன் பின்வாங்கியது. அடுத்த ஆண்டில் பீரங்கிகளைக் கொணர்ந்து சில மாதம் முயன்ற பின்னரே அவ்வரணை உடைத்து உட்புக அவரால் இயன்றது. அதற்குள் ஆங்கிலேயர் போர் தொடங்கிவிட்டமையால் அவர் விரைவிற் திரும்ப நேர்ந்தது. இங்ஙனம் டிலனாய் எழுப்பிய மண்மேடு, அவர் போனபின்பும் ஒரு மழைக்காலம் வரை நாட்டைத் தாங்கி நின்றது. டச்சுக்காரரோ கொச்சியில் 1795 வரை இருந்து, பின்பு ஆங்கிலேயரிடம் அதனை இழந்தனர்.

தமிழ் எழுத்துக் கல்லில் தேய்ந்து வருகிறது. நாம் சென்ற அன்று வெயில் சாய்வாக விழுந்த மாலை நேரமாதலின் விரலால் தடவித் தடவிச் சில சொற்களைக் கூட்டிப் படிக்க முடிந்தது. இலத்தீன் அவர் பிறந்த நாட்டுப் பாதிரிமார்க்காக. தமிழ் அவர் வாழ்ந்த ஊராருக்காக எழுதியது போலும். அந்த ஊரார் இன்றும் அம்மொழியே பேசுகின்றனர்.

காண விரும்பும் அன்பர்கள் இந்நகரிலிருந்து நாகர்கோவில் செல்லும் பேருந்தில் ஏறித் தக்கலையைக் கடந்ததும் புலியூர்க்குறிச்சியில் இறங்கலாம். கோட்டை வாயில் சாலையோரத்திலேயே இருக்கிறது. அதன் பராமரிப்பு இப்போது வனத்துறையைச் சார்ந்தது. உள்ளே மரநிழலில் சிறிது நடந்தால் தேவாலயத்தின் இடிந்த சுவர் தெரியும். ஜூலை 31ஆம் நாள் குளச்சலுக்குச் செல்வோர், காலையில் தூணடியில் விழா முடிந்ததும், பகலுணவுக்கு முன்னரே இங்கும் வந்து சேர்ந்துவிடலாம்.